ஏமாந்தவரைக் குறைசொன்னால் இணையக் குற்றம் குறைந்துவிடுமா?

விவாதத்தைத் தொடங்கிய கருத்து: 2025 நவம்பர் 3

"இணையக் குற்றங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகுவதற்கு மக்களின் பேராசையும் அறியாமையுமே காரணம். கொஞ்சம் படித்து, கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பவர் எவரும் ஏமாறுவதில்லை. விழிப்புணர்வு ஊட்டினால் போதும், மற்றதெல்லாம் வீண் செலவு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்."

2025 நவம்பர் 3, இரவு

மறுக்கிறேன், காரணத்தோடு.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் நடந்த மோசடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரப் என்ற பன்னாட்டுப் பொறியியல் நிறுவனத்தின் நிதிப் பிரிவு ஊழியர் ஒருவருக்கு, இரகசியமாகப் பணம் அனுப்ப வேண்டும் என்று தலைமை நிதி அதிகாரியின் பெயரில் ஒரு செய்தி வந்தது. அவர் அதைக் கண்டவுடன் நம்பிவிடவில்லை. மோசடியாக இருக்கலாம் என்றே முதலில் சந்தேகப்பட்டார். அதாவது, நீங்கள் சொல்லும் விழிப்புணர்வு அவரிடம் இருந்தது. பிறகு அவரைக் காணொளிக் கூட்டம் ஒன்றுக்கு அழைத்தார்கள். அவருக்குத் தெரிந்த அதிகாரியும் சக ஊழியர்களும் அங்கே முகம் காட்டிப் பேசினார்கள். சந்தேகம் கலைந்தது, பல தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலர் கைமாறியது. திரையில் தோன்றிய முகங்களும் கேட்ட குரல்களும் கணினி உருவாக்கிய போலிகள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பணத்தில் அவருக்கு ஒரு காசும் சேர்வதாக இல்லை. மேலதிகாரி சொன்ன வேலையை முடிக்க நினைத்தவரிடம் பேராசையை எங்கே தேடுவது?

அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் நான் கவனித்திருப்பது வேறு. வலையில் விழுபவர்களில் பெரும்பாலோர் வேலையை விரைவாகவும் பொறுப்பாகவும் முடிப்பவர்கள். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவில், குவிந்துகிடக்கும் விலைப்பட்டியல்களுக்கு நடுவே, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிமேல் புதிய எண்ணுக்கு அனுப்பவும்" என்று ஒரு மின்னஞ்சல் வரும். அது அந்நியர் முகவரியிலிருந்து வருவதில்லை. பொருள் வழங்கும் நிறுவனத்தின் அஞ்சல்பெட்டிக்குள்ளேயே புகுந்துவிட்ட ஒருவர், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் உரையாடலின் தொடர்ச்சியாக, அதே கையொப்பத்தோடு, அதே மரியாதையோடு எழுதுகிறார். எழுத்துப்பிழையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லிக்கொடுத்த காலம் முடிந்துவிட்டது.

எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு மின்னஞ்சல் வந்தபோது பணம் போகாமல் நின்றதற்கு ஒரே காரணம், கணக்கு எண் மாறினால் பழைய பதிவேட்டில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் கேட்ட பிறகே மாற்ற வேண்டும் என்று முன்பிருந்த மேலாளர் போட்டுவைத்த விதிதான். அந்த ஊழியருக்கு எள்ளளவும் சந்தேகம் வரவில்லை. விதி இருந்ததால் அழைத்தார். ஒருவரின் கூர்மையை நம்புவதைவிட இப்படி ஒரு நடைமுறையை நம்புவது மேல் என்பதே என் கருத்து.

2025 நவம்பர் 4

"அது நிறுவனப் பணம், தனிமனிதர் தன் பணத்தை இப்படி விடமாட்டார்" என்ற பதிலைப் படித்தேன். இதை எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

என் பெரியப்பா வாழ்நாள் முழுவதும் கணக்கு எழுதியவர். கடன் வாங்காதவர், பரிசுச் சீட்டு வாங்காதவர், கையெழுத்திடும் முன் எந்தத் தாளையும் இரண்டு முறை படிப்பவர். அவரைக் காவல்துறை அதிகாரி என்று சொல்லிக்கொண்ட ஒருவர் காணொளியில் அழைத்தார். சீருடை, பின்னால் அலுவலகம், மேசையில் கோப்புகள் எல்லாம் இருந்தன. அவருடைய அடையாள எண்ணைப் பயன்படுத்தி யாரோ குற்றம் செய்திருப்பதாகவும், விசாரணை முடியும்வரை அழைப்பைத் துண்டிக்கக் கூடாது என்றும், வீட்டில் எவரிடமும் சொன்னால் அவர்களும் வழக்கில் சேர்க்கப்படுவார்கள் என்றும் சொன்னார்கள். சரிபார்ப்பதற்காகப் பணத்தை ஒரு கணக்குக்கு மாற்றச் சொன்னார்கள். மாற்றினார்.

பணம் போனதைவிட எனக்கு இன்றும் வலிப்பது அதற்குப் பிறகு நடந்தது. அவர் பல நாட்கள் எவரிடமும் சொல்லவில்லை. சாப்பிடவில்லை, தூங்கவில்லை, உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மை தெரிந்தபோது பணம் பல கணக்குகளைத் தாண்டிப் போயிருந்தது. ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "படித்தவன் இப்படி ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வது?" என்றார். "படித்தவர் ஏமாறுவதில்லை" என்று நாம் பொதுவெளியில் ஒவ்வொரு முறை எழுதும்போதும், இப்படி வாய்மூடி உட்கார்ந்திருக்கும் ஒருவரை இன்னும் சில மணிநேரம் மௌனமாக வைத்திருக்கிறோம். அந்த மணிநேரங்கள்தான் குற்றவாளிக்குத் தேவை.

2025 நவம்பர் 4, சற்று நேரம் கழித்து

மேலே சொன்னதன் இயக்கத்தையும் விளக்கிவிடுகிறேன், ஏனெனில் விரைந்து சொல்வது ஏன் முக்கியம் என்பது அதில்தான் இருக்கிறது. திருடப்பட்ட பணம் நேராகக் குற்றவாளியின் கைக்குப் போவதில்லை. கூலிக்கு வாங்கிய, அல்லது ஏமாற்றி வாங்கிய, பிறர் பெயரில் உள்ள இரவல் வங்கிக் கணக்கு ஒன்றில் முதலில் விழுகிறது. அங்கிருந்து சிறு தொகைகளாகப் பிரிந்து வேறு கணக்குகளுக்குப் போகிறது. கடைசியில் ரொக்கமாகவோ கிரிப்டோ நாணயமாகவோ மாறிய பிறகு மீட்பது மிகக் கடினம். முதல் கணக்கிலேயே இருக்கும்போது வங்கிக்குத் தகவல் போனால் முடக்க வாய்ப்பு உண்டு.

தம் கணக்கைச் சில நாட்களுக்கு இரவல் கொடுத்தால் பணம் தருவதாக மாணவர்களை அணுகுகிறார்கள். கொடுப்பவர்களும் வழக்கில் சிக்குகிறார்கள். பிள்ளைகளிடம் கடவுச்சொல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைப் பேசுங்கள்.

2025 நவம்பர் 6

"குற்றவாளிகளைப் பிடித்தால் தானாகவே குறையும்" என்ற கருத்துக்கு.

பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் திருடன் ஒரு நாட்டில், ஏமாந்தவர் இன்னொரு நாட்டில், பணம் மூன்றாவது நாட்டில், செய்தி அனுப்பிய கணினி நான்காவது நாட்டில் இருக்கும்போது எந்தக் காவல் நிலையம் முதலில் எழுந்து நடப்பது? 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த அதன் கணக்கிலிருந்து ஏறத்தாழ 100 கோடி டாலரை எடுக்க, வங்கிகள் ஒன்றுக்கொன்று பண ஆணை அனுப்பும் வலையமைப்பான ஸ்விஃப்ட் வழியாகப் போலி ஆணைகளை அனுப்பினார்கள். வார விடுமுறைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதைக் கணக்கிட்டே நாளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் போய்ச் சூதாட்ட விடுதிகள் வழியாகக் கரைந்தது. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர், பெறுநரின் பெயரில் இருந்த எழுத்துப்பிழை கேள்வியை எழுப்பியதால் மீண்டது. ஒரு நாட்டின் மத்திய வங்கிக்கே இந்த நிலை என்றால், தனிமனிதரின் புகார் எத்தனை எல்லைகளைத் தாண்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டமும் எப்போதும் பின்னால்தான் வந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் மின்னஞ்சல் வழியே பரவிய புழு (தானே பரவும் தீநிரல்), உலகெங்கும் கணினிகளைச் சீரழித்தது. அதைப் பரப்பியவர் என்று சந்தேகிக்கப்பட்டவரைப் பிலிப்பைன்ஸில் அடையாளம் கண்டும் தண்டிக்க முடியவில்லை, ஏனெனில் அந்தச் செயலைக் குற்றமாக்கும் சட்டம் அன்று அங்கே இல்லை. சட்டம் அதற்குப் பிறகே வந்தது. பழைய செயலுக்கு அது பொருந்தாது. அடுத்த ஆண்டில் இணையக் குற்றம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையான புடாபெஸ்ட் உடன்படிக்கை கையெழுத்தானது. ஐக்கிய நாடுகள் சபையின் இணையக் குற்ற உடன்படிக்கை 2024 டிசம்பரில்தான் ஏற்கப்பட்டது. சென்ற மாதம் ஹனோயில் அது கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. நாற்பது நாடுகள் உறுதிசெய்த பிறகே நடைமுறைக்கு வரும். அரசுகள் அதைக் குடிமக்களை வேவு பார்க்கப் பயன்படுத்தக்கூடும் என்று மனித உரிமை அமைப்புகள் எழுப்பும் அச்சத்தையும் நான் புறந்தள்ள மாட்டேன்.

2025 நவம்பர் 7

நேற்றைய குறிப்பில் 'திருடன்' என்று எளிதாக எழுதிவிட்டு, இரவெல்லாம் அதைப் பற்றியே யோசித்தேன்.

மறுமுனையில் பேசுபவர்கள் எல்லோரும் விரும்பிப் பேசுபவர்கள் அல்லர். மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இணைய மோசடி செய்யுமாறு கட்டாயப்படுத்தப்படும் நிலையில் இருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் கூறியது. வெளிநாட்டில் கணினி வேலை என்ற விளம்பரத்தை நம்பிப் போனவர்களின் கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டு, அடைத்துவைத்து, அடித்து, நாளுக்கு இத்தனை பேரை ஏமாற்ற வேண்டும் என்று இலக்கு வைக்கிறார்கள். ஆகவே, தெரியாத நிறுவனத்திலிருந்து வரும் வெளிநாட்டு வேலை அழைப்பைச் சரிபார்ப்பதும் இணையக் குற்றத் தடுப்பின் ஒரு பகுதிதான். தப்பி வருபவர்களைக் குற்றவாளிகளாக மட்டும் நடத்தினால், அந்த முகாம்களை நடத்துபவர்களைப் பற்றிச் சாட்சி சொல்ல ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

2025 நவம்பர் 10

கடவுச்சொல்லை மாதந்தோறும் மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தவருக்கு: வேண்டாம். கசிந்துவிட்டது என்று தெரிந்தால் உடனே மாற்றுங்கள். இல்லாவிட்டால் நீளமான, வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை அப்படியே வைத்திருங்கள். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கட்டாயமாக மாற்றச் செய்யும் பழைய வழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்தினால் மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன்: கடைசியில் உள்ள எண்ணை ஒன்று கூட்டிவிடுகிறார்கள்.

உண்மையான ஆபத்து, ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைப்பது. எங்கோ ஒரு சிறு தளத்திலிருந்து திருடப்பட்ட மின்னஞ்சல்-கடவுச்சொல் இணைகளை எடுத்து, தானியங்கி நிரல் மூலம் நூற்றுக்கணக்கான மற்ற தளங்களில் போட்டுப் பார்க்கிறார்கள். யாஹூவில் 2013இல் நடந்த ஊடுருவலில் மட்டும் அதன் 300 கோடிக் கணக்குகளும் பாதிக்கப்பட்டன. இத்தனை கடவுச்சொற்களை நினைவில் வைக்க மனிதரால் ஆகாது, கடவுச்சொல் மேலாளர் செயலியைப் பயன்படுத்துங்கள். வீட்டுப் பெரியவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி அலமாரியில் வைப்பதையும் நான் தடுப்பதில்லை. வீட்டுக்குள் வரும் திருடனைவிடக் கடல் தாண்டி வரும் திருடனே அவர்களுக்கு அதிக ஆபத்து.

எல்லாவற்றிலும் முதலில் காக்க வேண்டியது மின்னஞ்சல் கணக்கு. மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்டெடுக்கும் வழி அதன் வழியாகத்தான் செல்கிறது.

2025 நவம்பர் 11

ஓடிபி (ஒருமுறை மட்டும் செல்லும் கடவுஎண்) இருந்தால் போதாதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லாததைவிட இருப்பது பல மடங்கு மேல். 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் எரிபொருள் குழாய்த் தடம் நின்றுபோனதற்குத் தொடக்கம், வெளியிலிருந்து நிறுவன வலையமைப்புக்குள் நுழைய உதவும், எவரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு விபிஎன் கணக்கின் கடவுச்சொல். அந்தக் கணக்குக்கு இரண்டாவது சரிபார்ப்பு எதுவும் இருக்கவில்லை. அதன் வழியே நுழைந்து கணினிகளைப் பூட்டியவர்களுக்கு நிறுவனம் 75 பிட்காயினைப் பிணைத்தொகையாகக் கொடுத்தது. அதில் பெரும்பகுதியை அமெரிக்க அரசு பிறகு கைப்பற்றியது.

ஆனால் குறுஞ்செய்தியாக வரும் ஓடிபியை வாயால் சொல்லவைக்கலாம், போலித் தளத்தில் தட்டச்சு செய்யவைத்து அதே நொடியில் உண்மையான தளத்தில் இடலாம். தொலைபேசி நிறுவனத்தை ஏமாற்றி உங்கள் எண்ணையே வேறு சிம் அட்டைக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும். திடீரென்று நெடுநேரம் சிக்னல் இல்லாமல் போனால் அலட்சியம் செய்யாதீர்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலாக நம் கருவியில் சேமித்த மின்னணுச் சாவியால் நுழையும் பாஸ்கீ என்ற புதிய முறை கிடைக்கும் இடங்களில் அதையே பரிந்துரைக்கிறேன். அந்தச் சாவி தான் பதிவான தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டது. நூறில் ஓர் எழுத்து மாறிய போலித் தளத்தை நம் கண் நம்பிவிடும், பாஸ்கீ அங்கே வேலை செய்யாது.

2025 நவம்பர் 13

நிறுவனங்களின் பக்கத்தையும் பேச வேண்டும், இது நீளும்.

கணினியைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வான்னக்ரை என்ற பிணைத்தொகை நிரல் 2017 மே 12 அன்று பரவத் தொடங்கி, சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் கையில் இருந்தது! ஏன் போடவில்லை என்று வெளியிலிருந்து கேட்பது எளிது. நான் உள்ளே இருப்பவன், ஆதலால் சொல்கிறேன்: ஒரு விலையுயர்ந்த கருவியோடு பிணைந்த பழைய கணினியைத் தொட்டால் கருவி நின்றுவிடும், கருவி விற்றவர் உத்தரவாதம் தரமாட்டார், நிறுத்திவைக்க நிர்வாகம் நேரம் தராது. அப்படிப்பட்ட கணினிகள் எங்கள் வலையமைப்பிலும் இருந்தன. திருத்த முடியாததை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனி வலையமைப்பில் வைப்பதுதான் எங்களுக்குக் கிடைத்த வழி. அதற்கு அனுமதி வாங்குவதே வேலையின் கடினமான பகுதியாக இருந்தது.

வான்னக்ரைக்கு அடுத்த மாதமே நாட்பெட்யா என்ற இன்னொரு தீநிரல் வந்தது. பிணைத்தொகை கேட்பதுபோல் தோன்றினாலும் அது தரவை அழிக்கவே எழுதப்பட்டிருந்தது. மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் வலையமைப்பு உலகெங்கும் விழுந்தது. அதை மீட்டெடுக்க அடிப்படையான, யார் எதில் நுழையலாம் என்பதை நிர்வகிக்கும் கட்டுப்பாட்டு வழங்கியின் (சர்வர்) பிரதிகள் எல்லாம் அழிந்துவிட்ட நிலையில், கானாவில் இருந்த ஒன்று மட்டும் மின்தடையால் அந்த நேரத்தில் இணைப்பில் இல்லாமல் தப்பியது. அந்த ஒரு பிரதியிலிருந்துதான் மீண்டும் எழுப்பினார்கள். தற்செயலாய் அவர்களுக்குக் கிடைத்ததை நாம் திட்டமிட்டே வைத்துக்கொள்ளலாம்: எப்போதும் ஒரு நகல் வலையமைப்போடு இணையாமல் இருக்கட்டும். தரவின் மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறிடத்தில் என்ற பழைய விதி இன்றும் நல்ல விதி. நகலை மீட்டுப் பார்த்துச் சோதிக்காதவரை அதை நகல் என்று நான் எண்ணுவதில்லை. வீட்டுப் படங்களுக்கும் இதையே சொல்வேன்.

தாக்கப்பட்டவர்கள் பணம் கொடுப்பதற்கு முன், 'நோ மோர் ரான்சம்' தளத்தைப் பாருங்கள். நெதர்லாந்துக் காவல்துறையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016இல் தொடங்கியது. பல வகைப் பூட்டுகளுக்குச் சாவி அங்கே இலவசமாகக் கிடைக்கிறது.

2025 நவம்பர் 15

முதல் நாள் நான் எழுதியதற்கு ஒரு சேர்க்கை. இந்த விவாதத்தைத் தொடங்கியவர் முதலீட்டு மோசடியை மனத்தில் வைத்துப் பேசுவதாக விளக்கியிருக்கிறார். அதில் அவர் பக்கம் சிறிது நியாயம் இருக்கிறது. அமெரிக்க எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையத்தில் 2024இல் பதிவான மொத்த இழப்பு 1,660 கோடி டாலர். முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். வகைகளில் முதலிடம் முதலீட்டு மோசடிக்குத்தான், 650 கோடி டாலருக்கும் மேல்.

ஆனாலும் அது நடக்கும் விதத்தைப் பார்த்த பிறகு 'பேராசை' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தவறிவந்ததுபோல் ஒரு செய்தி, பிறகு நலம் விசாரிப்பு, வாரக்கணக்கில் நட்பு, அதன் பிறகே முதலீடு பற்றிய பேச்சு. முதலில் போட்ட சிறு தொகை இலாபத்தோடு திரும்ப வருகிறது, உண்மையாகவே கையில் வருகிறது. சோதித்துப் பார்ப்பவருக்கும் சோதனை வெற்றிதான். பெரிய தொகை போட்ட பிறகு, எடுக்க வேண்டுமென்றால் வரி கட்டு, கட்டணம் கட்டு என்று கதவு மூடுகிறது. பலரிடம் அவர்கள் விற்றது பேச்சுத் துணையை. தனியாக இருக்கும் முதியவர் ஒருவரிடம் நாள்தோறும் அன்பாகப் பேசியவர் அந்த மோசடிக்காரர் ஒருவர்தான் என்றால், அந்த வீட்டில் உள்ள மற்றவர்களும் இதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

2025 நவம்பர் 16

விழிப்புணர்வு தேவையே இல்லை என்று நான் சொல்வதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். தேவைதான். ஆயிரம் வகை மோசடிகளையும் மனப்பாடம் செய்யவைப்பதைவிட ஒரே பழக்கத்தைப் பழக்குவது பயன் தரும் என்கிறேன்: யார் அழைத்தாலும் துண்டித்துவிட்டு, நமக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்கு நாமே அழைப்பது. வங்கியானால் அட்டையின் பின்புறம் உள்ள எண், உறவினரானால் நாம் சேமித்து வைத்திருக்கும் எண். அந்த ஹாங்காங் ஊழியரைக்கூட இது காத்திருக்கும். குரலையே நகலெடுக்கும் காலம் ஆதலால், அவசரமாகப் பணம் கேட்டால் சொல்லவேண்டிய சொல் ஒன்றை எங்கள் குடும்பத்தில் முடிவு செய்திருக்கிறோம். பெரியப்பாதான் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார்.

அவசரத்தைக் குறைக்கும் பொறுப்பு வங்கிகளுக்கும் உண்டு. 2022இல் சிங்கப்பூர், வங்கிகள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் இணைப்புகளை நீக்கச் சொன்னது. கைப்பேசியில் வாடிக்கையாளரை உறுதிசெய்யும் புதிய பாதுகாப்பு டோக்கன் இயங்கத் தொடங்கக் குறைந்தது 12 மணிநேரத் தாமதம் வைத்தது. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவர்களுக்கும் 85,000 பவுண்டு வரை திருப்பித்தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி ஏற்க வேண்டும். பெற்ற வங்கியையும் சேர்த்ததை நான் மனமார வரவேற்கிறேன். இரவல் கணக்குகளைத் திறந்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் இருந்தவர்களுக்கு, இப்போதுதான் கண்டுகொள்ள ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

2025 நவம்பர் 18, அதிகாலை

தம் தாயார் இன்று பணம் அனுப்பிவிட்டதாக நள்ளிரவில் எழுதியிருப்பவருக்கு அவசரமாக.

முதலில் வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், பணம் போய்ச்சேர்ந்த கணக்கு உள்ள வங்கிக்கும் தகவல் அனுப்பச் சொல்லுங்கள். உடனே காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவர்கள் சொல்லி ஏதேனும் செயலியை நிறுவியிருந்தால், அந்தக் கைப்பேசியின் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் வங்கிக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பதிவுகளையும் அழிக்காதீர்கள். பரிமாற்ற எண்களை ஒரு தாளில் எழுதிவையுங்கள். எப்படி ஏமாந்தாய் என்று இப்போது கேட்காதீர்கள், நடந்ததை வரிசையாக அவர் நினைவுகூர அமைதி தேவை. இன்னும் சில நாட்களில், இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று முன்கட்டணம் கேட்டு ஓர் அழைப்பு வரக்கூடும். ஏமாந்தவர்களின் பட்டியல் விற்கப்படுகிறது. அந்த அழைப்பை நீங்களே எடுக்கும்படி, தாயாரின் எண்ணுக்கு வருபவற்றைச் சில வாரங்களுக்கு உங்கள் எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள்.